இயற்றியவர் தெரியவில்லை

இடித்தது அவன்தான். முதலில் கோபப்பட்டதும் அவன்தான்.

காற்றோடு மழை அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வண்டி வந்த பிறகுதான் சித்தூர் வண்டி கிளம்பும் என்று யாரோ சொல்ல, ஒரு டீ குடிக்கலாமென்று பாகாலா ஜங்ஷனில் இறங்கினாள் கோதை. பாதி பிளாட்பாரம் தாண்டுவதற்குள் துப்பட்டா நனைந்துவிட்டது. சாரல் படாத ஒரு தூணைப் பார்த்து ஓடினாள்... அதே தூணைப் பார்த்து எதிரிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். அவன் தோளில் இருந்த நீள மரச்சட்டம் அவளுடைய கிதார் பெட்டியில் மடேரென்று மோதியது.

கண் எங்கே இருக்கிறது என்று அவன் தெலுங்கில் அதட்டினான். கோதை பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு கீறல்... நல்லவேளை, அவ்வளவுதான். மெல்போர்னில் பதினைந்து வருடமாகப் பழகிய மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. ஆந்திர எல்லையில் அவள் பிறந்த நகரியின் சுத்தமான தமிழ்தான் வாயில் வந்தது.

"கட்டைய தூக்கிகினு கண்ண மூடிகினு ஓடியாந்தது நீ. கேள்வி என்னிய கேக்கறியா?"

அவன் சட்டத்தை மெதுவாக இறக்கினான். முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அவளும் பார்த்தாள். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு. ஓடுகிற தறியிலிருந்து, நூல் கொண்டோடும் நாடா தெறித்துப் பட்ட தழும்பு அது. அன்றைக்குத் துணி கிழித்துக் கட்டிவிட்டதே அவள்தான்.

மணிவேல்...

"பாப்பா..." என்றான். காதோரம் நரைத்த பெண்ணைப் போய் அப்படிக் கூப்பிட்டுவிட்டோமே என்று உடனே கூச்சப்பட்டான். கிதார் உடைந்துவிட்டதா என்று கேட்டான்.

"இல்ல. ஒன்ன விட அதுக்கு தைரியம் ஜாஸ்தி."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் சிரித்தான். அந்தக் கண்கள் மட்டும் மாறவே இல்லை... பேச வேண்டியதையெல்லாம் தேக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிற அதே கண்கள்.

டீக்கடை ஓரமாக நின்றார்கள். அவன் இப்போது தறி மெக்கானிக். பக்கத்து ஊரில் ரிப்பேர் முடித்துவிட்டு, எதிரே வரப்போகிற திருப்பதி வண்டியைப் பிடித்து நகரிக்குப் போகிறான். மனைவி பெயர் வரலட்சுமி, இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவள் எட்டாவது படிக்கிறாள். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு டீயை ஊதினான். கோதைக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சந்தோஷம் என்றாள். தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாட்டுக்கே நேரம் சரியாகப் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது எல்லாம்?

நகரியில் அவள் அப்பா கங்கையாவுக்கு எட்டுத் தறி ஓடிய ஷெட் இருந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கரண்ட் போனால்தான் அந்த ஊருக்கே காது திறக்கும். எட்டுத் தறியும் சட்டென்று நிற்கும்... பீடி பற்றவைப்பார்கள், வீட்டுக் கதை பேசுவார்கள். மணிவேல் மட்டும் தறியை விட்டு நகராமல், வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முனகுவான். அதைக் கேட்கத்தான் கோதை வாசலில் வந்து நிற்பாள். ஊரெல்லாம் கரண்ட் வர வேண்டுமென்று சாமி கும்பிட்டபோது, போக வேண்டுமென்று கும்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

*ஊடை ஓடுது பாவுக்குள்ளே*
*ஓயாம ஓடுது...*
*நின்ன பின்னே நெஞ்சுக்குள்ளே*
*நின்னு பாடுது...*

யார் பாட்டு என்று ஒருநாள் கேட்டாள். பழைய பாட்டு, தறிக்காரங்க எல்லாரும் பாடுறதுதான் என்றான், நூலைப் பார்த்துக்கொண்டே. அவள் போனில் பதிந்துகொண்டாள். பதிந்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அதனால் அந்த நான்கு வரிதான் அவளிடம் தங்கியது.

மெல்போர்னில் இசை படிக்க இடம் கிடைத்துக் கிளம்பிய அன்று, நகரி ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கி வந்தவன் அவன்தான். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு பெண் இதற்கு மேல் எப்படிக் கேட்பாள்? அவன் தரையைப் பார்த்தான். நல்லா படிங்க பாப்பா என்றான். அந்தக் கோபம் விமானம் ஏறியும் தணியவில்லை. அவனாகக் கூப்பிடட்டும் என்று இருந்தாள். ஒரு வருடம் இருந்தாள். அப்புறம் இருப்பதே பழகிவிட்டது.

ஆனால் பாட்டு மட்டும் அவளை விடவில்லை. அந்த நான்கு வரியைத் தறிச்சத்தத்தின் தாளத்தில் கிதாரில் மீட்டினாள். ப்ளூஸ் மாதிரி இழுத்துப் பாடினாள், ஜாஸ் குழுவோடு பாடினாள், மிருதங்கத்தையும் டிரம்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடினாள். சபாக்காரர்கள் இது சங்கீதமே இல்லை என்றார்கள். மெல்போர்ன்காரர்களோ இது எந்த வகை என்று தெரியாமல் கைதட்டினார்கள். முதல் ஆல்பத்தின் உறையில் அவளே எழுதினாள்: 'நகரி நெசவாளர் பாட்டு. இயற்றியவர் தெரியவில்லை.' அவளிடம் பாட்டுப் படிக்க வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பாடம் அதுதான். அதே வாக்கியத்தைத்தான் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள்.

போன வாரம் வரைக்கும்.

திருப்பதியில் ஒரு இசைப் பள்ளியில் பத்து நாள் பயிற்சி நடத்த வந்திருந்தாள். நடுவில் ஒருநாள் சித்தூரில் வகுப்பு, அதற்குத்தான் இந்த ரயில். திருப்பதி வகுப்பில் ஹரிதா என்று ஒரு மாணவி, நகரிக்காரி. பாடம் முடிந்த மறுநாள் தயங்கித் தயங்கி எழுந்து, இந்தப் பாட்டு எங்க ஊர்ல யாருக்குமே தெரியல மேடம், தறித் தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்துட்டேன் என்றாள். அன்றைக்கு கோதைக்குத் தூக்கம் வரவில்லை. யாருக்கும் தெரியாத பழைய பாட்டு எப்படி இருக்கும்?

அதைத்தான் இப்போது கேட்டாள். எதிர் வண்டி வந்துவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மணி... அது யாரு பாட்டு?"

அவன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதெல்லாம் எதுக்கு இப்போ என்றான். மழை விடுகிற மாதிரி இருக்கிறது என்றான். அவள் விடவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து அதில்தான் சாப்பிடுகிறேன், எனக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டாள்.

அப்போது கரண்ட் போனது. டீக்கடை விளக்கு அணைந்தது. அதுவரை கரகரவென்று ஓடிக்கொண்டிருந்த கடைப் பாட்டும் நின்றது. சொட்டுச் சொட்டாக மழை மட்டும்... இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். பழக்கதோஷம் என்பது அப்படித்தான். அவன் உதடு தானாக அசைந்தது. அவளுக்குத் தெரிந்த நான்கு வரியை முனகினான். பிறகு நிறுத்தாமல், அவள் கேட்டே இராத அடுத்த நான்கு வரி...

*வாசல்ல வந்து நிக்குறவளே*
*வார்த்த வர்லையே...*
*கோதைன்னு ஒன்ன கூப்ட எனக்கு*
*குடுத்து வெக்கலையே...*

இந்தப் பெயரை அவன் வாயால் கேட்டதே இல்லை. முதலாளி வீட்டுப் பெண் அவனுக்கு எப்போதும் பாப்பாதான். பாட்டுக்குள் மட்டும் கூப்பிட்டிருக்கிறான். அதுவும் அவள் கேட்காத இடத்தில்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"ஒங்க நைனாதான் கூப்ட்டு வெச்சி கேட்டாரு. அவ மேல படிக்கப் போறா... நீ ஒரு வார்த்த சொன்னா நின்னுடுவாடா, சொல்லாதன்னாரு. அவரு உப்ப துன்னவன். இன்னா செய்யறது?"

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. இறந்துபோனவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவர் கணக்கு தப்பும் இல்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள்தான்... மேடை இல்லை, ஆல்பம் இல்லை, பிள்ளைகள் இல்லை. அதெல்லாம் வேண்டாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வேண்டும். அவனும் வேண்டும். அந்த இரண்டையும் ஒரே கையில் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. அடுத்த பதிப்பில் உன் பெயரைப் போடுகிறேன், எழுதியவர் மணிவேல் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றாள் அவசரமாக. அவன் தலையை ஆட்டினான்.

"வேணாம். வரலட்சுமி நல்லவ. பாட்ட கேட்டா, யாருக்கு எழுதினதுன்னு கேப்பா. அவளுக்கு பொய் சொல்ல என்னால ஆவாது... தெரியலன்னே இருக்கட்டும். மீதி நாலு வரியும் எடுத்துகினு போங்க. அது ஒங்களுதுதான்."

மரச்சட்டத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். இந்த முறை பார்த்து, அவள் கிதாரில் படாமல். வண்டி வந்து நின்றது. படியில் ஏறியவன் திரும்பினான்.

"நான் அப்பவும் ஒன்னதான் நெனச்சேன், மணி" என்றாள் அவள். பதினைந்து வருடம் பிந்தி வந்த வார்த்தை.

"தெரியும்" என்றான். "போய்ட்டு வா... கோதை."

வண்டி நகர்ந்தது. கரண்ட் வந்தது. கடைப் பாட்டு மறுபடி கரகரவென்று ஆரம்பித்தது. சித்தூர் வண்டி கிளம்பப் போகிறதென்று யாரோ சொன்ன பிறகுதான் அவள் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

மூன்று நாள் கழித்து, திருப்பதியில் கடைசி வகுப்பு. புதிதாகக் கிடைத்த நான்கு வரியைக் கோதை கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகள் இருபது பேர். தறித் தாளத்தில் கைதட்டிக்கொண்டு பாடினார்கள். மூன்றாவது வரி வந்ததும் ஹரிதா மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம்... இதுல ஒங்க பேரு வருது."

வகுப்பே நின்றுவிட்டது. கோதை சாக்பீஸைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்ன அந்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னாள். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை.

"எழுதினவர் யாருன்னு தெரியாது" என்றாள். "யாருக்காக எழுதினார்னு தெரியும். எனக்காக."

முன்வரிசையில் யாரோ மெல்லக் கேட்டார்கள், நீங்க அவருக்கு என்ன பதில் சொன்னீங்க மேடம் என்று.

கோதை கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் கீறலை விரல் ஒருமுறை தடவிப் பார்த்தது.

"சொன்னேன்" என்றாள். "வண்டி கிளம்பற நேரத்துல."