மூன்றாவது வேப்பிலை

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

மலையடிவாரக் காவல் நிலையத்தின் கறுப்பு டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஜெபதுரை டீ கிளாஸைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தார்.

"சார்... டாக்டர் கிருபாவதி பேசறேன். புளி காண்ட்ராக்டர் சக்கரவர்த்தி செத்துட்டார்!"

"அடப்பாவமே! எப்படி?"

"அம்மை."

"அம்மையில செத்தா ஆத்தாகிட்ட போய் புகார் குடுங்கம்மா. எனக்கு இன்னாத்துக்கு போன்?"

"கொலைன்னு அவர் சம்சாரம் கத்தறாங்க. இல்லேன்னு அடிச்சுச் சொல்ல... என்னாலயும் முடியல சார்!"

டீ கிளாஸ் மேஜைக்கு வந்தது.

* * *

டாக்டரின் சின்ன நர்சிங் ஹோம். பின்னறைக் கட்டில்.

போர்வையை விலக்கியதும் கூட வந்த ஏட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

முகம் என்று ஒன்று இல்லை. நெற்றியிலிருந்து கழுத்துவரை கொப்புளங்கள்... கொப்புளத்தின் மேல் கொப்புளங்கள்!

"பெரியம்மைதான் ஒழிஞ்சு போச்சேம்மா! சர்க்கார் சுவத்துல எல்லாம் எழுதி வச்சிருக்கே!"

"இது சின்னம்மை. கொழந்தைங்களுக்கு வர்றது. ரெண்டு வாரம் படுத்து எழுந்து விளையாடப் போயிடும்."

"அப்புறம் இந்த மனுஷன் ஏன் எழுந்திருக்கல?"

"இவர் கிட்னி மாத்தினவர். அடுத்தவங்க கிட்னி உள்ள வந்தா, உடம்பு அதைத் திருடன்னு நெனச்சு அடிக்கும். அடிக்காம இருக்க தினம் மாத்திரை. காவல் நாய்க்கு வாயைக் கட்டுற மாதிரி, சார். வாயைக் கட்டினப்புறம் நெஜத் திருடன் வந்தா..."

"எவன் குரைப்பான்?"

"அதான்! நுரையீரல் வரைக்கும் பரவிடுச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'சளி, அம்மைன்னா அந்தத் தெருப் பக்கமே போகாதீங்க. அம்மை வந்த வூட்ல நுழைஞ்சா உயிரு போயிடும்'னு. சிரிச்சார்."

மூலையில் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் ராணியம்மாள் வெடித்தாள்.

"மலைக்காரி கெங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வந்தாருங்க! அவ வூட்லதான் அம்மை இருந்திச்சாம். வேணும்னே வர வெச்சுட்டா, பழிகாரி! தூக்குல போடுங்க அவள!"

கெங்கம்மாள்!

ஜெபதுரைக்கு அந்தப் பெயர் சுருக்கென்று குத்தியது.

மூன்று வருஷத்துக்கு முன், 1981-ல், சக்கரவர்த்திக்குச் சிறுநீரகம் கொடுத்தவன் கெங்கம்மாளின் புருஷன் கோவிந்தன். குத்தகைக்குப் போன அவன் புளியமரங்களைத் திருப்பித் தருவதாகக் காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். மரம் வரவில்லை. தையல் ஆறாத வயிற்றோடு கோவிந்தன் அவரிடமே கூலிக்குப் புளி மூட்டை தூக்கினான். புண் சீழ் பிடித்தது. செத்தான்.

தலைவிரி கோலமாய் ஸ்டேஷனுக்கு வந்தாள் கெங்கம்மாள்.

அன்றைக்கு ஜெபதுரை என்ன சொன்னார்?

'கிட்னியை அவரா கைநாட்டு வச்சுக் குடுத்தாரு. மூட்டையையும் அவராதாம்மா தூக்கினாரு. சட்டத்துல வழியில்ல. போய்ட்டு வா.'

ஜீப் மலை ஏறியது.

* * *

ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தார்கள். சாமைக் கொல்லையைத் தாண்டி ஏழெட்டு வீடுகள்.

முதல் வாசலில் காய்ந்துபோன வேப்பிலைக் கொத்து ஒன்று மண்ணில் கிடந்தது.

ஏட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பயப்படாத சார். ஆத்தா எறங்கிட்டா. தண்ணி ஊத்தியாச்சு."

கெங்கம்மாள்! சுத்தியலால் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. பக்கத்தில் ஏழு வயசு மகள் காந்தா, கன்னத்தில் ஆறிய வடுக்களோடு.

"சக்கரவர்த்தி செத்துட்டாரு. தெரியுமா?"

"பஸ்ஸுல வந்தவங்க சொன்னாங்க."

"அம்மை வந்த வூட்டுக்குள்ள அவர இன்னாத்துக்கு உட்ட?"

"நானா உட்டேன்? சடையண்ணே! இங்க வந்து சொல்லுண்ணே!"

எதிர்வீட்டுச் சடையன் கோமணத்தை இறுக்கிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும்தான் பாத்தோம் சார். வாசல்ல வேப்பிலை கட்டியிருந்திச்சு. 'ஆத்தா வந்திருக்கா, வராதீங்க மொதலாளி'ன்னு இந்தக் கெங்கம்மா குறுக்கால படுத்துக்கிச்சு! அவரு தாண்டிப் போனாரு சார். வேப்பிலைய அவர் கையாலயே பிச்சு எறிஞ்சாரு."

"ஏன்யா? அவ்ளோ தைரியமா?"

சடையன் தலையைச் சொறிந்தான்.

"அது வந்து... போன ரெண்டு வருஷமும் இது பொய்யிக்கு வேப்பிலை கட்டிச்சு சார். வேப்பிலை கட்டுன வூட்ல யாரும் நுழைய மாட்டாங்கல்ல? குத்தகைப் புளிய உள்ள ஒளிச்சு வெச்சிச்சு. மொத வருஷம் அவரு வெளிய நின்னு ஆளை உட்டுப் பாத்தாரு. ரெண்டு மூட்டை. போன வருஷம் அவரே உள்ள பூந்துட்டாரு. புள்ள மேல மஞ்சளப் பூசிப் படுக்க வெச்சிருந்திச்சு. கட்டிலுக்கு அடியில மறுபடியும் மூட்டை!"

"இந்த வருஷம்?"

"இந்த வருஷமும் வேஷம்னு நெனச்சிட்டாரு. 'மஞ்சப் பூசுன கழுத, எழுந்திருடீ'ன்னு போர்வையப் புடிச்சு உருவுனாரு. புள்ள மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, கட்டிலுக்கு அடியில தேடுனாரு. மூட்டையே இல்ல!"

ஜெபதுரையின் நெஞ்சு லேசானது. பேராசைக்காரன், தானே போய் வாங்கிக்கொண்டான். இவள் பாவம், புளித் திருடி. அவ்வளவுதான்!

சடையன் போனான். ஜெபதுரையும் திரும்பினார்.

நாலு எட்டு வைத்தவர்... சட்டென்று நின்றார்.

"ஏம்மா... மலை பூரா காடு. பொந்து, பாறை, புதரு. புளிய ஒளிக்க உனக்கு வூடுதான் கெடைச்சுதா? மொத வருஷம் கண்டுபுடிச்ச எடத்துலயே ரெண்டாவது வருஷமுமா வெப்ப?"

சுத்தியல் நின்றது.

கெங்கம்மாள் முதன்முறையாக நிமிர்ந்தாள். சிரித்தாள்!

"ஒளிச்சு வெச்சேன்னு ஆரு சார் சொன்னா? அவரு எடுக்கணும்னு வெச்சேன்."

ஜெபதுரை திரும்பி அவள் எதிரே வந்து நின்றார்.

"எம்புருஷனுக்குக் கட்டு மாத்த அந்த டாக்டரம்மா ரூம்பு வாசல்ல குந்தினு இருந்தேன். உள்ள அந்தம்மா மொதலாளிகிட்ட சொல்லுது... 'அம்மை வந்த வூட்ல நுழைஞ்சா உயிரு போயிடும்'னு. அவரு காதுல ஏறல. எங்காதுல ஏறிச்சு."

"அதுக்காக... ரெண்டு வருஷம்?"

"வேப்பிலையப் பாத்தா ஆருக்குமே கால் கூசும் சார். அவருக்குக் கூச்சம் போவணும்ல? அதுக்கு ரெண்டு வருஷத்துப் புளி போச்சு. பங்குனிக்குப் பங்குனி இந்த மலையில எந்த வூட்டுக்காவது ஆத்தா வருவா. எப்பவாவது எங்க வூட்டுக்கும் வருவான்னு காத்துனு இருந்தேன். இந்த வருஷம் அவளாவே வந்தா."

ஜெபதுரை மனசுக்குள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

302? ஆயுதம் எங்கே?

270? தெரிந்தே தொற்றுநோயைப் பரப்பினால் இரண்டு வருஷம். இவள் எதைப் பரப்பினாள்? வாசலில் வேப்பிலை. குறுக்கே படுத்து எச்சரிக்கை. ஊரே சாட்சி! தாண்டியது அவர் கால். பிய்த்தது அவர் கை.

இப்போது சொன்னதைக் கோர்ட்டில் சொல்வாளா? மாட்டாள்!

"அவரா தூக்கினாரு, அவரா நுழைஞ்சாரு. ரெண்டும் ஒண்ணுதான சார்?"

ஜெபதுரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"'சட்டத்துல வழியில்ல'ன்னு சொல்லிட்டுப் போ சார்! போன தடவ நல்லா சத்தமா சொன்னியே... இப்ப இன்னா, தொண்டையில அம்மையா?"