மரியாதைப் பன்மை

தங்கையின் வாடகை அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கதவைத் திறந்தவள் என்னைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தாள்.

"நீ மட்டும்தானே வந்த?"

அவள் பழைய ஆங்கிலக் கவிதைகளில் ஆராய்ச்சி செய்கிறாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று வீட்டில் கிண்டல் செய்வோம். இன்று எனக்குக் கிண்டல் வரவில்லை. விடாத காய்ச்சலில் பாதியாகியிருந்தாள். ஜன்னல்கள் சாத்திய அறையில் ஈரமண் வாசனை. ஒரு நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது.

அந்தக் காலத்துத் தாயொருத்தி எழுதிய கவிதையைத் தமிழாக்கினாளாம். பிள்ளையின் காய்ச்சல் படுக்கையருகே வந்து உட்கார்ந்த மரணத்தை எழுந்து போகச் சொல்கிற கவிதை. சாவைத் தமிழில் யார் 'நீங்கள்' என்பார்கள்? இவளும் 'நீ' என்றே எழுதி, ஓசை பார்க்க வாய்விட்டுப் படித்திருக்கிறாள். அன்றே காய்ச்சல் கண்டது. மேஜையருகே இருந்த நாற்காலி தினம் கொஞ்சம் கட்டிலை நோக்கி நகர்ந்தது.

பிழையைக் கண்டுபிடித்தவர் அவளுடைய பேராசிரியை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'தவ்' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். அந்தத் தாய் வரிக்கு வரி 'யூ' என்று எழுதி மரணத்தை எட்டவே நிறுத்தியிருந்தாள். மரியாதைதான் அவள் போட்ட தாழ்ப்பாள். இவள் அதைத் திறந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் 'நீங்க'ன்னு திருத்திட்டேன்க்கா. தனியா படிக்கப் பயமா இருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொதித்தது. தாளைப் பார்த்து மெல்லப் படித்தாள். "எழுந்திருங்கள். இது உங்கள் இடமில்லை."

நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் நிறுத்தவில்லை. கடைசி வரிக்கு வந்தாள். "வந்தவரே, போய் வாருங்கள்."

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. யாரோ கதவைத் தாண்டிப் படியிறங்கும் சத்தம். மண் வாசனை வடிந்தது. என் பிடிக்குள் அவள் கை வேர்த்துக் குளிர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

அவள் மட்டும் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தம்மா வெறும் 'போங்கள்'னுதான் எழுதியிருக்காங்க. மரியாதையா இருக்கட்டும்னு நான்தான்..."

படியின் அடியிலிருந்து, விடைபெறும் விருந்தாளியைப் போல, நிதானமாக ஒரு குரல் கேட்டது.

"வரேன்."

ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டேன். தாழிட்டு என்ன பயன்? கூப்பிட்டாகிவிட்டது.