காற்று பன்னிரண்டு

கூடத்துச் சுவரோரம் வரிசையாகக் கிடந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது.

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரை ஒழுகவில்லை. ஜன்னல்கள் நேற்று இரவு அடைத்தது அடைத்தபடி இருந்தன. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த ஒரு நாற்காலியின் குழிவில் மட்டும், யாரோ தொப்பலாக நனைந்து வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போல, இரண்டு கை அளவு தண்ணீர் தேங்கி நின்றது. குனிந்தபோது உப்பு வாடையோடு டீசல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

"யாரு இது, துவட்டாம வந்து உக்காந்தது?" காபித் தட்டோடு வந்த மனைவி கேட்டாள்.

"என்னைப் பாக்காதே தங்கச்சி," என்றான் அவனுடைய பள்ளிக்கூட நண்பன் குண்டு, சோபாவில் படுத்தபடியே. "நான் குளிச்சு ரெண்டு நாள் ஆச்சு."

"அதைச் சொல்லணுமாண்ணே? அதான் வாசலுக்கே தெரியுதே," என்றான் மச்சான், மனைவியின் தம்பி. எட்டு வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி நாற்காலியைக் கவிழ்த்துத் துடைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது, அவனைத் தவிர மற்றவர்களுக்கு.

வெளியே மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. மூன்று முறை தள்ளிப்போன பயணம் இது. வாடகைக்கு எடுத்த கடற்கரை வீடு, இரண்டு நாள், அவ்வளவுதான் ஆசை. மழையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. காலையிலேயே குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மணலில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். குண்டு வழுக்கி விழுந்த இடத்தில் ஒரு குளமே உண்டாகிவிட்டது என்று மச்சான் அளந்து காட்டினான்.

அவன் மட்டும் அலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அது தொழில் புத்தி. துறைமுகத்தை ஒட்டிய மேட்டில் தகரக் கூரை போட்ட ஓர் அறை அவனுடைய அலுவலகம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் கருவியில் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். உடனே அந்த இரண்டு எண்களையும் படகுக்காரர்களின் குழுவுக்குச் செல்போனில் அனுப்ப வேண்டும். அந்த நீண்ட கரையில் வேறு கருவி கிடையாது. படகுகள் கிளம்புவதும் திரும்புவதும் அவன் அனுப்பும் எண்ணைப் பார்த்துத்தான்.

இந்தச் சனி, ஞாயிறு வேலை அவனுடையது. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. இரண்டு நாள் கணக்கையும் பதிவேட்டில் அப்போதே எழுதி முடித்தான். அவனுக்கு முன்னால் அந்த அறையில் வேலை பார்த்த எல்லோரும் எப்போதாவது செய்ததுதான். ஒவ்வொரு செய்தியும் அதனதன் நேரத்தில் தானாகப் போகும்படி செல்போனில் ஏற்பாடு செய்தான். எல்லாம் ஒரே வரி: காற்று பன்னிரண்டு, அழுத்தம் இயல்பு. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், படகுக்குப் பயமில்லாத காற்று. வீட்டுக்கு வந்து, "லீவு குடுத்துட்டாங்க," என்றான். மனைவி அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே ஏழு எண்ணலாம், சாதாரண நாளில். இப்போது பதினான்கு வந்தது. மீண்டும் எண்ணினான். பதினான்கு. எங்கேயோ வெகு தூரத்தில் ஒரு பெரிய காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

ஒன்பது மணிக்கு அவன் சட்டைப்பையில் 'டிங்' என்றது. செய்தி தானாகப் போய்விட்டது. உடனே பதில் வந்தது, தாடிக்காரரிடமிருந்து. விசைப்படகு வைத்திருக்கும் பெரியவர். அவன் அனுப்பும் ஒவ்வொரு எண்ணுக்கும் மரியாதையாகப் பதில் போடும் ஒரே ஆள்.

"சரி சார். நாலு பேர் கிளம்பறோம்."

"மாமா, ஒரே ஒரு முழுக்கு! இடுப்பளவுதான்!" மச்சான் சட்டையைக் கழற்றியபடி கடலைப் பார்த்து ஓடினான்.

"வேணாம்!" அவன் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "யாரும் தண்ணியில இறங்கக் கூடாது. இன்னிக்குக் கடல் சரியில்ல."

"பெரிய ஆபீசர் சொல்லிட்டாரு, கேட்டுக்கங்கப்பா," என்றான் குண்டு.

தன்னோடு வந்தவர்களை முழங்காலளவு தண்ணீரில்கூட இறங்க விடவில்லை. தாடிக்காரரையும் மற்ற மூவரையும் நடுக்கடலுக்கு அனுப்பியிருந்தான். சாப்பிட்ட பிறகு அனுப்பிவிடலாம், திரும்பி வாருங்கள் என்று. அதற்கென்ன, ஒரு வரிதானே.

பகல் பன்னிரண்டுக்கு மறுபடி 'டிங்'. "சரி சார்."

முட்டை வறுவலும் சூப்பும் வைத்து எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சிரிப்புச் சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. அவன் தட்டுக்குக் கீழே செல்போனை வைத்துக்கொண்டு, 'காற்று வலுக்கிறது. உடனே திரும்பவும்' என்று எழுதினான். பெருவிரல் அங்கேயே நின்றது. அனுப்பினால் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அறைக்கு யாராவது வருவார்கள். கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு ராத்திரி வரை எழுதி முடித்த பதிவேடு மேஜைமேல் இருக்கும். வேலை போய்விடும். அதைவிட, மனைவிக்குத் தெரிந்துவிடும்.

"ஏங்க, சூப்பு ஆறுது. யாரோடதான் அப்படி ஓயாத பேச்சு?"

அழித்தான்.

அவள் எழுந்து உப்பு எடுக்கப் போனவள் சுவரோரம் நின்றாள். "இதென்ன கூத்து? இப்ப ரெண்டு நாற்காலி நனைஞ்சிருக்கு."

"வீட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லுக்கா. கூரையில எங்கயோ ஓட்டை," என்றான் மச்சான்.

அவன் போய்ப் பார்த்தான். கூரையில் ஓட்டை இல்லை. இரண்டாவது நாற்காலியின் முதுகில் ஓர் ஈரத் தடம், மேலே தோளளவுக்கு அகன்று, கீழே குறுகி. சாய்ந்து உட்கார்ந்த முதுகு. பனிக்கட்டியில் கிடந்த மீனின் குளிர்ந்த வாடை. அவன் கையை வைத்தான். தண்ணீர் சில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் மட்டும் உடம்புச் சூடாக இருந்தது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. வானம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. நடுப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு சீட்டாட்டம் தொடங்கியது. குண்டு ஏமாற்றி ஆடினான், மகள் கையும் களவுமாகப் பிடித்தாள். "இவ்வளவு நல்லா சிரிச்சு எத்தனை நாளாச்சுங்க," என்று மனைவி அவன் தோளில் சாய்ந்தாள். அவள் தலைமுடியில் மழை வாசனை. அவன் கண் சுவரோரமே இருந்தது. வெளிச்சம் ஆடும்போதெல்லாம் நாற்காலிகளின் நிழலும் ஆடியது. நிழல்கள் நாற்காலியைவிட உயரமாக இருந்தன.

மூன்று மணி. டிங்.

இந்த முறை பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், மறுபடி பாத்துச் சொல்லுங்க. இங்க ஒரு மாதிரியா இருக்கு."

எழுந்து வராந்தாவுக்குப் போனான். சாரல் முகத்தில் அறைந்தது. காது அடைத்தது, மேட்டு அறையில் அழுத்தம் இறங்கும் நாளில் அடைப்பது போல. கருவி வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியும். இப்போது சொன்னால்கூட அவர்கள் கரைக்கு வந்துவிடலாம். மூன்று மணி நேரம் போதும். இப்போது சொன்னால்.

உள்ளே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பார்த்துவிட்டு வந்ததாகத் தெரியட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தான். அந்த ஐந்து நிமிடத்தை அவன் எண்ணவும் செய்தான். பிறகு எழுதினான்: "பார்த்தேன். அதே பன்னிரண்டுதான்."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

உள்ளே வந்தபோது மூன்று நாற்காலிகள் நனைந்திருந்தன. யாரும் இப்போது அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நெரிசலில் வந்தவர்களுக்கு இடம் விடுவது போல.

நான்கு மணி. சீட்டு சலித்துப் போய் விடுகதை போட்டார்கள். ஐந்து மணி. காற்று வீட்டைச் சுற்றி வந்தது. ஜன்னல் கொக்கிகள் பல்லைக் கடித்தன. நான்காவது நாற்காலியின் காலிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. சொட்டு. சொட்டு. ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்தான். படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். தாடிக்காரரின் எண்ணை அழுத்தினான். சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும். வேலை போகட்டும்.

மணி அடித்தது.

கூடத்திலும் அடித்தது.

ஒரு குழந்தையின் சிரிப்பு. தாடிக்காரரின் பேரப்பிள்ளை சிரித்ததைப் பதிந்து மணியாக வைத்திருந்தார். மேட்டுக்கு வரும்போதெல்லாம் அது ஒலிக்கும், அவர் வெட்கத்தோடு அணைப்பார். அதே சிரிப்பு. கதவுக்கு அந்தப் பக்கம். சிரித்து, நின்று, மறுபடி முதலிலிருந்து சிரித்தது.

கதவைத் திறந்தான்.

"யார் போனுங்க அது?" மனைவி கேட்டாள். "உங்களதா?"

அவன் போன் அவன் கையில் இருந்தது. நான்கு பேரும் சுவரோரம் பார்த்தார்கள். சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது. நான்காவது நாற்காலியிலிருந்து. அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

சிரிப்பு நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். அவன் விரல் தன் போனின் ஒலிபெருக்கிப் பொத்தானில் பட்டது. கூடம் முழுக்கக் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல். பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. அலைச் சத்தமும் இல்லை. ஆழத்தில் கேட்கும் அமைதி.

"சார், கடைசியா ஒரு தடவை. காத்து எவ்வளவு?"

"அட, ஆபீசா?" குண்டு சொன்னான். "சொல்லுடா. பாவம், கேக்கறாங்கல்ல."

"லீவுலயும் விட மாட்டாங்களா?" மனைவி அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். நம்பிக்கையோடு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, லீவே இல்லை என்று எப்படிச் சொல்வது? வாய் திறந்தது. உண்மை தொண்டை வரை வந்தது. நாள் முழுக்கப் பழகிய வரி அதை முந்திக்கொண்டது.

"பன்னிரண்டு. இயல்பு."

போன் அணைந்தது.

நாற்காலிகள் நான்கும் முனகின. பாரம் எழுந்தால் முனகுமே, அப்படி. குழிவுகளில் இருந்த தண்ணீர் வழிந்து தரையில் இறங்கியது. நான்கு கோடுகள். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி.

மனைவிதான் முதலில் எழுந்தாள். "அப்ப எதுக்கு நாள் பூரா எங்களைத் தடுத்தீங்க?" கோபமே இல்லை. அவள் வலது கை பக்கவாட்டில் லேசாக உயர்ந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஈரம். ஐந்து விரல் ஈரம்.

"அதானே," என்றான் குண்டு, எழுந்தபடி. அவன் கையும் உயர்ந்திருந்தது.

"மாமாவே சொல்லிட்டாரு," என்றான் மச்சான்.

மகள் கை தட்டினாள். பிறகு அவள் தரையை விட்டு மேலே போனாள். யாரோ தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது போல. கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

வாசற்கதவு தானாகத் திறந்தது.

"நில்லுங்க!" கத்தினான். "நான் பொய் சொன்னேன்! நான் பாக்கவே இல்ல! அறைக்கே போகல! காத்து பேய்த்தனமா இருக்கு, போகாதீங்க!"

மனைவி வாசற்படியில் திரும்பினாள். மழை அவள் முகத்தில் ஓடியது. அதே புன்னகை.

"மறுபடி பாத்துட்டுத்தானேங்க சொன்னீங்க?"

ஓடினான். மணல் காலை இழுத்தது. விழுந்தான். எழுந்தான். மணலில் எட்டுப் பேர் போக வேண்டிய அகலத்துக்குக் காலடிகள். சிறிய காலடி மட்டும் இல்லை. நிதானமான காலடிகள். ஒன்றுகூடத் தயங்கவில்லை.

பதினான்கு எண்ணுவதற்குள் மூன்று தலைகள் மறைந்தன.

அடுத்த அலைக்கு அப்பால், சாம்பல் நிற வானத்துக்கும் கறுத்த தண்ணீருக்கும் நடுவே, ஓர் ஆள் உயரத்தில், அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். கால்களை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள், கடலின் உள்ளே, உள்ளே. திரும்பி அவனைப் பார்த்துக் கை அசைத்தாள்.

"அப்பா! காத்தே இல்லப்பா!"

அவளுக்குக் கீழே யாரும் இல்லை.