படிக்கத்தில் ஒரு வாய் ஒயின்!

"ஐயோ...!"

சமையல்காரி ஞானம்மாவின் அலறல் ஹாலிலிருந்து கிளம்பி, வராந்தாத் தூண்களைத் தாண்டி, தோட்டத்து மாமரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகளைக் கலைத்தது.

வராந்தாப் படியில் நின்றிருந்த வசந்த், பாதி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

'முடிஞ்சுது!'

மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். உதடு நடுங்க வேண்டும். கண்ணில் நீர் வேண்டும். வந்துவிட்டது.

"மாமா...! ஐயோ மாமா! எங்கள விட்டுட்டுப் போய்ட்டீங்களா மாமா!"

மார்பில் அடித்துக்கொண்டு ஹாலுக்குள் ஓடினான்.

"நான் எங்கடா போறேன்? மொதல்ல இங்க வந்து டில்லியப் பாரு!"

குரல் மாமாவுடையது!

மாமா பொன்னுரங்கம், உயிரோடு, உடம்பு முழுசோடு, நெற்றி நிறைய நாமத்தோடு தரையில் மண்டி போட்டிருந்தார். அவர் மடியில் தலை சாய்த்துக் கிடந்தவன் டில்லிபாபு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பெரிய நிலத் தரகன். வாயோரம் நுரை. நிலைகுத்திய கண்கள்.

மூச்சு இல்லை!

வசந்த் மாட்டியிருந்த முகம் கழன்று விழுந்தது. இப்போது உண்மையாகவே உதடு நடுங்கியது.

'தப்பான ஆளு செத்துப் போய்ட்டான்!'

* * *

விஷயம் இதுதான்.

சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் இருக்கிறது மார்லி துரை பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. சுற்றிலும் மாந்தோப்பும் நஞ்சையும். பிள்ளை இல்லாத பொன்னுரங்கத்துக்குச் சொந்தம். மனைவி பெருந்தேவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வாரிசு, அக்கா மகன் வசந்த். மெட்ராஸில் ஒரு ஸ்டார் ஹோட்டலின் பார் சூப்பர்வைசர்.

1991. பெங்களூர் ரோடு பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று காற்றுவாக்கில் பேச்சு. டில்லிபாபு வசந்தைத் தேடி மெட்ராஸுக்கே போய்விட்டான்.

"தம்பி, ஒரு பெரிய கம்பெனி. பங்களா, தோப்பு, எல்லாம் சேத்து வோணுமாம். பேரு இப்ப சொல்ல மாட்டேன். அது என் நெஞ்சுக்குள்ள கீது. உங்க மாமாவ மட்டும் சரிக்கட்டு."

மாமாவைச் சரிக்கட்ட முடியவில்லை.

"நான் இருக்கிற வரைக்கும் விக்க மாட்டேண்டா!"

வசந்த் நல்ல பிள்ளை. மாமா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். இருக்கிற வரைக்கும்தானே?

அதற்குத் தோதாக, மாடிப்படிக்கு அடியில் அடைத்துக் கிடந்த அலமாரியில் துரை விட்டுப்போன மூன்று ஒயின் பாட்டில்கள் அகப்பட்டன. நூறு வருஷத்துச் சரக்கு! ஊரே பேசியது.

"மாமா, இதை மொடாக்குடி மாதிரி குடிக்கக் கூடாது. துரைமாருங்க பண்ற மாதிரி டேஸ்டிங் பண்ணணும். நான் வந்து நடத்தறேன். நாலே பேரு போதும்."

அக்டோபர் மாதம். அவனுக்கு வார ஓய்வு சனிக்கிழமை. நாள் குறித்தாயிற்று.

அவன் திட்டத்தில் ஒரு அழகு இருந்தது. டேஸ்டிங்கில் ஒயினை வாயில் ஊற்றிச் சுழற்றி, ருசி பார்த்து, துப்பிவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் மாமா துப்ப மாட்டார்! வாயில் போட்டதை வீட்டுக்குள் துப்பினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று நம்புகிறவர். கொதிக்கிற காபி நாக்கைச் சுட்டாலும் கண்ணீர் விட்டபடியே விழுங்குகிறவர்.

ஒரே பாட்டில். எல்லோரும் துப்புவார்கள். மாமா மட்டும் விழுங்குவார். அவருடைய இதயம் ஏற்கெனவே மாத்திரையில் ஓடுகிற இதயம். ஒரு கிளாஸ் போதும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாததால் ஒயின் மேல் சந்தேகமே வராது.

பாட்டிலில் கலந்த பொடியின் பெயர் உங்களுக்கு வேண்டாம். கதைதானே படிக்கிறீர்கள்?

* * *

சாயங்காலம் நாலு மணிக்கு டேஸ்டிங் தொடங்கியது.

மாமா, டில்லிபாபு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கண்ணப்பன், வசந்த். நாலு பேர். நாலு கிளாஸ். வசந்த் சரிசமமாக ஊற்றினான்.

"இன்னா தம்பி இது, நன்னாரி சர்பத் கலர்ல கீது?" என்றான் டில்லிபாபு.

"நூறு வருஷம்ணே. மோந்து பாருங்க."

கண்ணப்பன் முகர்ந்தார். முகம் சுளித்தார். உடனே சுளிப்பைத் துடைத்துவிட்டு, "ஆகா!" என்றார்.

"வாயில ஊத்தி நல்லா சுழட்டணும் சார். அப்புறம் துப்பிடணும்."

"துப்பறதா?" மாமா பதறினார். "சாமி படம் கீது இங்க! ஹால்ல எவனும் துப்பக் கூடாது!"

இதையும் வசந்த் எதிர்பார்த்திருந்தான். ஹால் மூலையில் துரை காலத்து மடக்குத் தட்டி ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால், எச்சில் துப்புகிற பாத்திரமான பித்தளைப் படிக்கம் ஒன்றை வைத்திருந்தான்.

"ஒவ்வொருத்தரா தட்டிக்குப் பின்னால போய்த் துப்பிட்டு வரலாம். மொதல்ல நான்!"

ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். சுழற்றினான். தட்டிக்குப் பின்னால் போனான். துப்பினான். மிச்சத்தை ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றினான். கைக்குட்டையால் நாக்கைக்கூடத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

மாமாவின் கிளாஸ் காலி!

மாமா மீசையைத் தடவிவிட்டு, "பேஷ்!" என்றார்.

வசந்துக்கு உள்ளுக்குள் கொட்டு மேளம். அடுத்து கண்ணப்பன் தட்டிக்குப் பின்னால் போய் வந்தார். டில்லிபாபு போய் வந்தான், போகிற போக்கில் கண்ணப்பன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி.

"ஒரு தம் போட்டுட்டு வரேன் மாமா."

சாவு நடக்கிற இடத்தில் வாரிசு நிற்கக் கூடாது அல்லவா?

* * *

இன்ஸ்பெக்டர் உமாதேவி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, கண்ணப்பன் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிக்கு மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். படப்பையிலிருந்து வந்த டாக்டர் அவருக்கு ஊசி போட்டிருந்தார்.

"விஷம்தான் மேடம். இவருக்குக் கொஞ்சமாப் போயிருக்கு, பொழைச்சுக்குவாரு. செத்தவருக்கு நெறைய போயிருக்கு."

உமாதேவி ஹாலைச் சுற்றி வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கிளாஸ்களைப் பார்த்தாள். தட்டிக்குப் பின்னால் போனாள். நிதானமாக வெளியே வந்தாள். அவளுடன் வந்த கான்ஸ்டபிள் செந்தமிழன், பெயரில் மட்டும் செந்தமிழன், வாசலை அடைத்து நின்றான்.

"யாரு ஊத்திக் குடுத்தது?"

"நான்தான் மேடம்" என்றான் வசந்த். "ஆனா ஒயின்ல ஒண்ணும் இருக்க முடியாது. டேஸ்டிங்ல யாரும் முழுங்க மாட்டோம், துப்பிடுவோம். டில்லிபாபு வரும்போதே எங்கயோ சாப்ட்டுதான் வந்தாரு. சமையல்கட்ட விசாரிங்க. இந்த ஞானம்மா பஜ்ஜி போட்டுது..."

கதவோரம் நின்றிருந்த ஞானம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கர்த்தரே! தம்பி, உனக்கு பசி வந்தா சோறு போட்ட கை இது! என்னப் போயி..."

"இரும்மா." உமாதேவி கண்ணப்பனை உள்ளே கூப்பிட்டாள். "சார், நீங்க துப்பினீங்களா?"

கண்ணப்பன் தரையைப் பார்த்தார். பிறகு உத்தரத்தைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு மதுவிலக்கு பத்திப் பாடம் எடுத்தவன் நான்..."

"துப்பினீங்களா?"

"...முழுங்கிட்டேன்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நூறு வருஷத்து ஃபாரின் சரக்கு. ஓசி. தட்டிக்குப் பின்னாடி யாரும் பாக்கல. எப்படிம்மா துப்ப மனசு வரும்?"

"டில்லிபாபு?"

"அவன் எங்கிட்டயே சொன்னான். 'சாரே, இத எவனாச்சும் துப்புவானா? கடையில சாராயமே இல்லாத காலத்துல!'ன்னு."

வசந்துக்கு வியர்த்தது. ஸ்டார் ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் துப்புவதைப் பார்த்துப் பார்த்து, நம் ஊர்க்காரன் ஓசிச் சரக்கைத் துப்ப மாட்டான் என்பதை அவன் மறந்தே போயிருந்தான்!

"நீங்க, மிஸ்டர் வசந்த்?"

மூளை பரபரவென்று ஓடியது. துப்பியவன் நான் மட்டும்தான் என்றால்... மாட்டிக்கொள்வேன்! எல்லோரும் விழுங்கியிருந்தால் நானும் விழுங்கினவன்தான்!

"வெக்கத்த விட்டு சொல்றேன் மேடம். நானும் முழுங்கிட்டேன்."

"ஒரு சொட்டு விடாம?"

"ஒரு சொட்டு விடாம! அதான் சொல்றேன், ஒயின்ல விஷம் இருந்தா நானும் இந்நேரம் வாந்தி எடுத்திருக்கணுமே?"

"எடுத்திருக்கணும்தான்" என்றாள் உமாதேவி. "பெரியவரே, நீங்க?"

மூலை நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் நிமிர்ந்தார்.

"நான் குடிக்கவே இல்லம்மா."

"மாமா!" வசந்த் கத்திவிட்டான். "உங்க கிளாஸ் காலியா இருந்துச்சே!"

"புரட்டாசி சனிக்கிழமைடா இன்னிக்கு! மூணாவது சனி! கறி மீனு தொடாதவன், இதத் தொடுவேனா?"

வசந்த் மாமாவின் நெற்றியைப் பார்த்தான். வழக்கத்தைவிடப் பெரிய நாமம். கழுத்தில் துளசி மாலை. காலையிலிருந்து கண்ணெதிரே இருந்தவைதான். ஆனால் ஹோட்டல் சம்பளத்தில் அவனுக்கு அக்டோபர் தெரிந்தது, புரட்டாசி மறந்துவிட்டது!

"விரதம் எனக்குத்தானே, விருந்தாளிக்கு இல்லையேன்னு விட்டுட்டேன். நீ தட்டிக்குப் பின்னால போன சமயம் டில்லி என் கிளாஸையே பாத்துக்கினு இருந்தான். வாய் வெக்காததுதான், நீயே குடிடான்னு அவன் கிளாஸ்ல கவுத்துட்டேன்." பெரியவர் குரல் உடைந்தது. "பாவிம்மா நான்! என் பங்கையும் சேத்துக் குடிச்சுட்டு செத்தானே!"

உமாதேவி அவர் தோளைத் தொட்டாள். "உங்க மேல தப்பில்ல."

பிறகு செந்தமிழனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் தட்டிக்குப் பின்னாலிருந்து பித்தளைப் படிக்கத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தான்.

ணங்!

"ஞானம்மா, இத எப்ப கழுவினே?"

"மத்தியானம், புளி போட்டுத் தேச்சு, தொடச்சு வெச்சேன்மா."

"எட்டிப் பாருங்க, மிஸ்டர் வசந்த்."

வசந்த் எட்டிப் பார்த்தான்.

பளபளக்கிற பித்தளை. அடியில் சிவப்பாக ஒரே ஒரு வாய் ஒயின்!

"சார் முழுங்கிட்டாரு. டில்லிபாபு ரெண்டு பங்கையும் முழுங்கிட்டாரு. பெரியவர் குடிக்கவே இல்ல. நீங்க ஒரு சொட்டு விடாம முழுங்கிட்டீங்க." உமாதேவி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "அப்ப இது யாருது? மார்லி துரை வந்து துப்பிட்டுப் போனாரா?"

வசந்த் படிக்கத்தை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"நூறு வருஷத்துச் சரக்கு. ஓசி. பாக்கறதுக்கு ஆள் இல்ல. அதத் துப்பறவனுக்கு ஒண்ணு பைத்தியம் பிடிச்சிருக்கணும், இல்ல உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்."

"இது... இது ஹோட்டல் பழக்கம் மேடம்! தெரியாம துப்பியிருப்பேன்..."

"இப்பதானே ஒரு சொட்டு விடாமன்னு சொன்னீங்க? சரி, போவட்டும். ஞானம்மா, நீ பொணத்தப் பாத்ததும் என்னன்னு கத்தினே?"

"ஐயோன்னுதாம்மா. வேற பேச்சே வரல."

"செத்தது யாருன்னு சொன்னியா?"

"இல்லம்மா..." ஞானம்மாவின் கண்கள் மெல்ல விரிந்தன. "ஆனா தம்பி வெளியேருந்தே 'மாமா, போய்ட்டீங்களா'ன்னு ஒப்பாரி வெச்சுக்கினே வந்துச்சு!"

மாமா மெல்ல எழுந்து வசந்தின் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்று செந்தமிழன் நினைத்தான். அவர் அடிக்கவில்லை.

"எனக்கா வெச்சே?"

வசந்த் தலை குனிந்தான். விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா..." அழுகையும் ஆத்திரமுமாக முனகினான்.

"மெட்ராஸ்லேர்ந்து வந்து இவ்ளோ ஏற்பாடு பண்ணியேடா. உன் மனசு நோவக் கூடாதேன்னு குடிச்ச மாதிரி நடிச்சேன்."

அதற்கு மேல் பெரியவரால் அங்கே நிற்க முடியவில்லை. பெருந்தேவியின் படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். ஞானம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

* * *

ஜீப் கிளம்பியது. பங்களாவும் மாந்தோப்பும் பின்னால் போய் மறைந்தன.

வசந்த் கணக்குப் பார்த்தான். மாமா உயிரோடு இருக்கிறார். பங்களா மாமாவிடமே இருக்கிறது. வாங்க வந்த கம்பெனியின் பெயரோ டில்லிபாபுவின் நெஞ்சுக்குள் இருக்கிறது, அந்த நெஞ்சு போஸ்ட்மார்ட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

காலையிலிருந்து பதற்றத்தில் ஒரு வாய் சாப்பிடவில்லை. வயிறு நேரம் காலம் பார்க்காமல் கூவியது.

"சார்... ஸ்டேஷன்ல சாப்ட ஏதாச்சும் குடுப்பாங்களா? ஒரு பிரியாணி..."

செந்தமிழன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"மறுபடியும் மறந்துட்டியா, நைனா? புரட்டாசி சனிக்கிழம... லாக்கப்புலயும் இன்னிக்கு சைவந்தான்!"