கேடயத்துக்குள் ஒரு கப்பல்

மொன்றியல் துறைமுகத்துக்கு எதிரே, பழைய கல்கட்டடத்தின் நிலவறையில்தான் அந்தப் பட்டறை. பழங்கால அச்சுப்படங்களைத் தண்ணீரில் கழுவிக் கறை நீக்குவது லக்சனாவின் வேலை. 2009 நவம்பர், ஒரு மத்தியானம். அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிய தம்பி றெனோல்டிடமிருந்து மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. அம்மா செபமாலையோடு வீட்டில் இருந்தாள். இவள் கோபத்தோடு வேலைக்கு வந்திருந்தாள்.

அன்றைய படம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரன் ஒருவனுடையது. செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டது. பாரிஸ் பாலமொன்று, மேலே வானத்தில் நகரச் சின்னமான கேடயம், கேடயத்துக்குள் ஒரு பாய்க்கப்பல்.

"அலை ஆட்டும், ஆனா மூழ்காது. அதுதான் அந்த ஊரோட வாசகம்," என்றாள் மேற்பார்வையாளர் மாதுரி. சென்னைக்காரி, பேராசிரியர் மகள். "சின்னத்துல இருக்கற கப்பல்ல ஆளே இல்ல, கவனிச்சியா?"

"ஆளில்லாத கப்பல் மூழ்காட்டி அதில என்ன பெருமை?"

"உனக்கு எல்லாத்துக்கும் கோவம்."

"ஓம். உங்கட அப்பா மாதிரி என்ர தம்பியும் பிளேனில போயிருந்தா எனக்கும் வராது."

லக்சனா படத்தைத் தண்ணீர்த் தட்டில் மெல்ல இறக்கினாள்.

காகிதம் ஊறியது. உப்பு வாடை எழுந்தது. பிறகு டீசல். பிறகு வாந்தி.

கப்பலில் ஆட்கள் நின்றார்கள்.

மயிரிழைக் கோடுகளாய், நெருக்கியடித்துக்கொண்டு. ஓரத்தில் ஒருவன் கையை ஆட்டினான். முழங்கையோடு முடிந்த கை. மிச்சத்தை ஊரில் நடந்த போரில் ஷெல் கொண்டுபோயிருந்தது.

றெனோல்ட்.

"மாதுரி, இதைப் பாருங்கோ..."

மாதுரி குனிந்தாள். "எண்ணெய் மை. தண்ணில கரையாதே," என்றாள்.

கரையவில்லை.

விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு கோடாய்க் காகிதத்தை விட்டு நழுவித் தட்டின் அடிக்குப் போனது.

"தூக்காத! ஈரக் காகிதம், கிழிஞ்சிடும்!"

லக்சனா வெறுங்கையால் வாரித் தூக்கினாள். ஓரம் கிழிந்தது. ஒற்றைக்கைக்காரன் கப்பலிலேயே நின்றான்.

கைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான். மீன்பிடிக்காரர் என்னைத் தங்கட வள்ளத்தில ஏத்திப்போட்டினம். எங்கட படகு மூழ்கிட்டுது அக்கா... ஆரோ என்னை மேல வாரித் தூக்கின மாதிரிக் கிடந்தது."

"மற்ற ஆக்கள்?"

"கொஞ்சப் பேர்தான் அக்கா மிச்சம். குழந்தையள்..." தொடர்பு அறுந்தது.

மாதுரி தட்டின் அடைப்பைப் பிடுங்கப் போனாள்.

"தண்ணியைத் திறந்துவிடாதேங்கோ!"

தண்ணீர் தெளிவாய் இருந்தது. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வெள்ளைத் தட்டின் விளிம்பில் மட்டும், உள்பக்கமிருந்து எட்டிப் பிடித்த ஈர விரல் தடங்கள்.

சின்ன விரல்கள்.

லக்சனா துணியால் துடைத்தாள்.

அவள் கையை எடுக்குமுன் அவை மறுபடி வந்து பிடித்துக்கொண்டன.