கழுத்தில் கட்டிய குரல்

மாநிலக் காவல் தலைவருக்கான தேர்வுக் குழு அறையில் துறைமுகத் தீ விபத்தின் ஒலிப்பதிவு மறுபடியும் ஓடியது. "மூணாவது கிடங்கை விட்டுடுங்க! வடக்கு வாசலைத் திறங்க! ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்க!" கனத்த, தயக்கமே இல்லாத ஆண்குரல்.

"என்ன கம்பீரம்!" என்று உருகினார் உள்துறைச் செயலாளர். எல்லோரும் ஆணையர் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் கூச்சமே இல்லாமல் தலையாட்டினார்.

கூடுதல் ஆணையர் வேதநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுல பேசுறது நான் சார். ஐயா அப்போ மச்சினர் வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்திருந்தாங்க."

"யார் பேசினா என்னம்மா? டிபார்ட்மென்ட் குரல்தானே?" என்று சிரித்தார் செயலாளர்.

குரற்பட்டை வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெண் அதிகாரி உத்தரவிட்டால் காவலர்கள் கொஞ்சம் தாமதித்தே அசைகிறார்கள் என்று யாரோ ஆராய்ந்து சொன்னார்கள். ஆண்களின் காதைத் திருத்தியிருக்கலாம். பெண்களின் தொண்டையைத் திருத்தினார்கள். அப்புறம் பாகுபாடு கூடாதென்று எல்லா அதிகாரிகளின் கழுத்திலும் பட்டை ஏறியது. யார் வாய் திறந்தாலும் காவலர்களின் காதுக்கருவியில் அந்த ஒரே ஆண்குரல்தான் கேட்கும். பேசியது யார் என்று எங்கும் பதிவாகாது.

தணிகாசலமே மாநிலக் காவல் தலைவரானார். வேதநாயகிக்கு வழக்கம்போல மகளிர் நலப் பிரிவு.

பதவியேற்பு விழாவில் ஆளாளுக்கு மாலை போட்டார்கள். எல்லாம் பன்னீர் சொட்டும் ரோஜா மாலைகள். ஈரம் இறங்கி, தணிகாசலத்தின் பட்டை செத்துப்போனது. அந்த நேரம் பார்த்து மைதானத்தின் தெற்கு வேலியில் கூட்டம் முண்டியது. குழந்தைகள் கம்பியில் நசுங்கி அலறினார்கள்.

"வேலியைத் திறங்கய்யா!" தணிகாசலத்தின் சொந்தக் குரல் கீச்சென்று வந்தது. ஒரு காவலரும் அசையவில்லை. பட்டை வழியாக வராத கட்டளையை ஏற்கக் கூடாது என்பது விதி. போலி உத்தரவுகளுக்குப் பயந்து அவரே கொண்டுவந்தது. அவர் வேலியை நோக்கி ஓட, இரண்டு காவலர்கள் அவரையே மடக்கிப் பிடித்தார்கள்.

வேதநாயகி தன் பட்டையை அழுத்தினார். "தெற்கு வேலியைப் பிடுங்கிப் போடுங்க! குழந்தைங்களை முதல்ல தூக்குங்க!"

வேலி சரிந்தது. எல்லோரும் பிழைத்தார்கள்.

வேதநாயகி நிறுத்தவில்லை. இத்தனை வருட ஆத்திரமும் அந்தக் கனத்த குரலில் ஒவ்வொரு காதிலும் இறங்கியது. "நல்லா கேட்டுக்கங்க. இப்போ பேசுறது வேதநாயகி. துறைமுகத்துல உங்களை வழிநடத்தினதும் நான்தான். அங்க நிக்கிறவர் இல்லை!"

மற்ற காவலர்கள் அத்தனை பேரும் வேதநாயகி பக்கம் திரும்பி விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தேகமில்லை.

இனி இது எதற்கு என்று வேதநாயகி பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தணிகாசலம் இன்னும் காவலர்களின் பிடியில் திமிறிக்கொண்டிருந்தார். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"போதும், அவரை விடுங்க," என்றார் தன் குரலில்.

பிடித்திருந்த காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உத்தரவு வரட்டும் மேடம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."