பன்னிரண்டு பேரின் பயம்

பதற்றத்தில் ஜெனோவா தன் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்த்தாள். நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். விடுதி உணவுக்கூடத்தில் அவளுடைய வட்டத்து மாணவிகள் பதினோரு பேரும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த நறுமுகை, தோழியின் மணிக்கட்டைத் திருப்பிப் பகிர்பட்டையைப் பார்த்தாள். ஒரு பங்கு என்று காட்டவேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று இருந்தது.

பயிற்சி மையங்களுக்குப் பகிர்பட்டை வந்து நான்கு வருடம் ஆகிறது. பன்னிரண்டு பேரை ஒரு வட்டமாகச் சேர்த்து ஆளுக்கொன்று மாட்டிவிடுவார்கள். ஒருத்திக்குப் பயம் எல்லை மீறினால் பட்டை அதை உறிஞ்சி, பன்னிரண்டாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுக்கும். ஒருத்தியை நொறுக்கிப் போடுகிற பயம், பன்னிரண்டு பேருக்கு லேசான படபடப்போடு போய்விடும். நல்ல ஏற்பாடுதான். செய்தவர்கள் மனிதர்களை மட்டும் மறந்துவிட்டார்கள்.

பட்டைக்கு ஒரு விதி உண்டு. தூங்குகிறவர் தலையில் அடுத்தவர் பயத்தை ஏற்றாது; அவர் பங்கும் விழித்திருப்பவர்களுக்கே போகும். அவருக்குக் கெட்ட கனவு வந்தால் மட்டும் வாங்கி வெளியே அனுப்பும். விழித்திருக்கும் மூளையைத் தூங்குவதாகக் காட்டும் மாத்திரை ஒன்று எதிர் ஜூஸ் கடையில் ரகசியமாகக் கிடைத்தது. பிள்ளைகள் அதற்குப் 'போர்வை' என்று பெயர் வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால் தன் பயம் வெளியே போகும், பிறர் பயம் உள்ளே வராது. தான் ஒருத்தி போட்டால் என்ன ஆகிவிடும், மற்றவர்கள் இருக்கிறார்களே என்று மூன்று மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தாள் நறுமுகை. மற்ற பத்துப் பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

கை கழுவும் இடத்துக்கு ஜெனோவாவை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஜெனோ, இது உன் பயம் இல்லடி. எங்க எல்லாரோடதும். நாங்க போர்வை போடறோம்."

ஜெனோவா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசமா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்டி. அம்மாகிட்டகூட சொல்லல."

"மன்னிச்சிருடி."

"வா, வார்டன்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. பதினோரு பேரும் பரீட்சை எழுத முடியாது."

"நான் எழுத முடியாம விழுந்தா பரவால்லையா?"

பட்டையைக் கழற்றினால் தேர்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். நறுமுகை பையிலிருந்து இன்றைய மாத்திரையை எடுத்துக் குழாயைத் திறந்து தண்ணீரோடு விட்டாள்.

"நேத்துப் போட்டது கொஞ்ச நேரத்துல எறங்கிடும். பாதிப் பாதி தாங்கிக்கலாம்."

ஜெனோவா அவளையே பார்த்தாள். "அது போட்டா எப்படிடி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. பயம்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போகும்" என்றாள் நறுமுகை. உண்மையைச் சொல்லித் தொலைக்கும் அவசரத்தில் இருந்தாள் பாவம்.

அரை மணி நேரத்தில் மருந்து இறங்கியது. பயம் வந்து நறுமுகையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. யாருடைய அப்பாவின் முகமோ, யார் வீட்டுச் சண்டையோ, மூன்றாம் முறை எழுதுகிற யாருடைய அவமானமோ, எல்லாம் சேர்ந்து மூச்சை அடைத்தது. பட்டை ஆறு என்று காட்டியது. இதைப் போல இரண்டு மடங்கையா ஜெனோ சுமந்தாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சமாளிக்கலாம் என்று தோன்றியது. ஆறு என்றால் முடியும்.

தேர்வுக்கூடத்தில் ஜெனோவா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வினாத்தாள் கொடுக்க ஆரம்பித்தபோது நறுமுகையின் மணிக்கட்டு சுட்டது. பேனா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை, தலை சுற்றியது. பட்டையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு.

ஜெனோவா திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த தெளிவு முகத்தில் வந்திருந்தது. மன்னித்துவிடு என்பதுபோல உதடு லேசாக அசைந்தது, பிறகு அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட நினைத்தாள் நறுமுகை. என்ன சொல்வது? அவள் செய்ததைத்தானே நானும் செய்தேன் என்ற எண்ணம் வந்ததும் பாதி தூக்கிய கை தானாக இறங்கியது. மணி அடித்தது. பதினோரு பேர் அமைதியாகத் தாளைப் புரட்டினார்கள்.